டயரிலும் தேதி பாருங்கள்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பேசியது)

செயலாளர் பத்து நிமிஷம் கொடுத்திருக்கிறார். பேங்க் கவுண்ட்டரில் காலம் தள்ளியவன் நான், மைக் பிடித்துப் பழக்கமில்லை. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கீழே பார்க்கிங்கில் நிற்கிற டாமினர் 400 என்னுடையது. 2018-ல் ரிடையர் ஆனபோது வாங்கினேன். "இந்த வயசுக்கு இது தேவையா?" என்று நீங்கள் கேட்காததை என் வீட்டுக்காரி தினமும் கேட்கிறாள். போன ஐப்பசியில் அவள் கேட்டதற்கு ஒரு காரணமும் கிடைத்தது. ஸ்ரீரங்கத்தில் தரிசனம் முடித்துப் பாலம் இறங்கி வந்தோம். லேசான தூறல். சிந்தாமணி அண்ணா சிலை பக்கம் திரும்பும்போது பின்சக்கரம் வழுக்கி, இரண்டு பேரும் விழுந்தோம். வேகம் இருபதுகூட இருக்காது. எனக்கு முட்டியில் சிராய்ப்பு. அவளுக்கு மணிக்கட்டில் ஆறு வாரம் மாவுக்கட்டு.

டயர் மொட்டையா என்றால் இல்லை. பட்டன் இருந்தது. பைக்குக்குச் சட்டம் கேட்கிற ஆழம் 0.8 மில்லிமீட்டர்தான், அதைவிட அதிகமாகவே இருந்தது. அப்புறம்தான் கண்ணாடி போட்டுக்கொண்டு டயரின் பக்கவாட்டைப் படித்தேன். ஒரு நீள்வட்டத்துக்குள் 3118 என்று நாலு எண். அதாவது 2018-ம் வருஷம் 31-வது வாரம் தயாரானது. நான் அதைப் புது டயர் என்று வாங்கியது 2022-ல்! மூன்று மாசம் தாண்டிய செக்கைத் தயவில்லாமல் திருப்பி அனுப்பியவன், நாலு வருஷப் பழசுக்கு முழு விலை கொடுத்திருக்கிறேன். கடைக்காரர் தேதி சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ரப்பர் ஓடினால்தான் வயசாகும் என்பதில்லை. வெயிலும் சூடும் காற்றும் பட்டாலே கெட்டியாகிவிடும், ஈர ரோட்டில் பிடிக்காது. ஐந்து வருஷம் ஆனால் வருஷா வருஷம் காட்டிப் பாருங்கள், பட்டன் இருந்தாலும் பத்து வருஷத்துக்கு மேல் வேண்டாம் என்று டயர் கம்பெனிகளே சொல்கின்றன. இன்னொன்று, என் ஓட்டம் பெரும்பாலும் சென்னை பைபாஸ், மதுரை பைபாஸ். நேர் ரோட்டிலேயே ஓடி டயரின் நடுப்பகுதி தட்டையாகி, ஓரத்தில் படி மாதிரி நின்றது. வண்டி சாயும்போது அந்தப் படியில் தடுக்கும்.

புது டயர் வாங்கப் போனபோது 150/60 ஆர் 17-க்குப் பதிலாக 140/70 நைலான் டயர் போடச் சொன்னார்கள், விலை குறைவாம். நம் காமர்ஸ் மூளை கணக்குப் போட்டது. 150-ல் 60 சதவீதம் 90 மில்லிமீட்டர் உயரம். 140-ல் 70 சதவீதம் 98. டயரே எட்டு மில்லிமீட்டர் உயர்ந்துவிடுகிறது. அகலமோ குறைகிறது. வேண்டாம் என்றேன். அளவுக்குப் பக்கத்தில் 66 எச் என்றிருக்கும். 66 என்றால் அந்த டயர் 300 கிலோ தாங்கும், எச் என்றால் 210 கிலோமீட்டர் வேகம் வரை. அந்த வேகம் நமக்கு எதற்கு? ஆனால் பின்னால் ஆளும் பையும் ஏறுகிறவர்கள் அந்த 66-ஐக் குறைக்கவே கூடாது.

ரேஸ் டயர் நன்றாகப் பிடிக்கும், சீக்கிரம் தேயும். தூரம் போகிறவர்களுக்கு ஸ்போர்ட் டூரிங் வகை சரி. அவற்றில் சிலவற்றில் நடுவில் கெட்டி ரப்பர், ஓரத்தில் மெத்தென்ற ரப்பர். விலையைப் பார்த்து மலைக்காதீர்கள். ஏழாயிரம் ரூபாய் டயர் 14,000 கிலோமீட்டர் ஓடினால் கிலோமீட்டருக்கு ஐம்பது காசு. மாவுக்கட்டுக்கு எனக்கு ஆனதை இங்கே சொல்லமாட்டேன். 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியிருக்கிறது, பில் கேட்டு வாங்குங்கள். வாரண்டிக்கு டயர் நம்பர் பில்லில் இருக்கட்டும்.

பணம் கொடுப்பதற்கு முன்னால் தேதி. "ஸ்டாக் அப்படித்தான் வரும் சார்" என்பார்கள். பெரம்பலூர் நாரணமங்கலத்தில் எம்.ஆர்.எஃப். ஆலை, மதுரை ரோட்டில் வெள்ளரிப்பட்டியில் டி.வி.எஸ். ஸ்ரீசக்ரா. நமக்கா புதுச்சரக்கு கிடைக்காது? பக்கவாட்டில் உள்ள அம்புக்குறி சக்கரம் சுற்றும் பக்கம் பார்க்கிறதா என்று நின்று பாருங்கள். வால்வும் புதுசு மாற்றச் சொல்லுங்கள். புது டயர் முதல் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் வழுக்கும், வளைவில் நிதானம் வேண்டும்.

ஸ்கூட்டிக்கும் இதே நாலு எண்தான். வர்ற ஞாயிறு காலை ஏழு மணிக்கு டார்ச்சோடு பார்க்கிங்கில் இருப்பேன். எண் தெரியாதவர்கள் வண்டியோடு வாருங்கள். பி பிளாக் மாமி, உங்கள் பேரன் வண்டியை நேற்றே பார்த்துவிட்டேன். அவனை முதலில் அனுப்புங்கள்.