கண்ணுக்குத் தெரியாமல் வந்து போகும் கிருமி



சம்மாந்துறையை அடுத்த வீரமுனையில் ஒரு தாய், தம் மகளின் பாடசாலையிலிருந்து வந்த சம்மதக் கடிதத்தை என் முன் நீட்டினார். "பதினொரு வயதுப் பிள்ளைக்கு இந்த ஊசி என்னத்துக்கு, டொக்டர்? இவள் என்ன பிழை செய்தவள்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்குரிய விடையையே இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குக் காரணமாவது மனிதப் பப்பிலோமா வைரசு என்னும் கிருமி. இதனை நிலைநாட்டிய ஜெர்மானிய அறிஞர் ஹரால்ட் சூர் ஹவுசன் 2008ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். இக்கிருமியில் பல இனங்கள் உள. 6, 11 என்னும் எண்ணுடையவை பிறப்புறுப்பில் மருக்களை உண்டாக்குவன, அவை புற்றுநோயாவதில்லை. 16, 18 என்பனவோ கருப்பைக் கழுத்துப் புற்றுநோயில் நூற்றுக்கு எழுபது பங்குக்குக் காரணமானவை.

இது பரவுவது தாம்பத்திய உறவினால். தோலிலுள்ள மிக நுண்ணிய சிராய்ப்பு ஒன்றின் வழியே உட்புகுந்து, அடியிலுள்ள உயிரணுக்களில் தங்கிவிடும். இரத்தத்தில் கலப்பதில்லை, காய்ச்சலில்லை, நோவில்லை. உடலின் காவற்படையும் இதனை உடனே அறிந்துகொள்வதில்லை. இளம் பெண்களின் கருப்பை வாயில் புதிய உயிரணுக்கள் விரைந்து உருவாகும் பகுதி வெளிப்பட்டிருப்பதால், அங்கே அது எளிதில் பற்றிக்கொள்ளும்.

பிறகு என்ன நிகழ்கிறது? அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் 608 கல்லூரி மாணவியரை மூன்றாண்டு காலம் தொடர்ந்து பரிசோதித்து, 1998இல் முடிவை வெளியிட்டார்கள். அக்காலத்துள் நூற்றுக்கு நாற்பத்துமூவருக்குப் புதிதாக இக்கிருமி தொற்றியது. எனினும் அத்தொற்று நிலைத்த காலம் பெரும்பாலும் எட்டு மாதமளவே. இரண்டாண்டின் பின் அது நீங்காதிருந்தவர்கள் நூற்றுக்கு ஒன்பதின்மர் மட்டுமே. ஏனையோரின் உடலே அதனை வென்றுவிட்டது. வந்ததையும் போனதையும் அவர்கள் தாமாக அறிந்திருக்க மாட்டார்கள். நீங்காது நிலைத்துவிடும் சிலரிடத்திலேதான் ஆபத்து. அங்கும் அது புற்றுநோயாக மாறப் பொதுவாகப் பதினைந்து, இருபது ஆண்டுகள் செல்லும்.

இவ்விடத்தில் குடும்பங்களைக் குலைக்கும் ஒரு தவறான எண்ணத்தைக் குறிப்பிட வேண்டும். பரிசோதனையில் கிருமி காணப்பட்டதென்றால், கணவனோ மனைவியோ அண்மையில் வழி தவறியவர் என்று பொருளன்று. அது பல ஆண்டுகள் ஓசையின்றி உறங்கிக் கிடந்து பின்னர் வெளிப்படக்கூடும். எப்போது வந்தது, எவரிடமிருந்து வந்தது என்று எந்தப் பரிசோதனையும் சொல்லாது. கல்முனையிலாயினும் கொழும்பிலாயினும், இதனை வைத்து வீட்டிலே வழக்குத் தொடுப்பவர்களுக்கு மருத்துவ சாத்திரம் சாட்சி சொல்ல வராது!

இனி ஊசிக்கு வருவோம். முன்னரே உட்புகுந்துவிட்ட கிருமியை அது விரட்டாது. வருமுன் காப்பதே அதன் வேலை. ஆகவேதான் மணவயதுக்கு நெடுங்காலம் முன்னதாகவே அதனை ஏற்றுகிறோம். குழந்தைக்குப் போலியோ மருந்து கொடுக்கும்போது அது என்ன பிழை செய்ததென்று எவரும் கேட்பதில்லையே! 2017இல் இலங்கையின் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இது சேர்க்கப்பட்டு, ஆறாந் தரத்து மாணவியருக்கு ஆறு மாத இடைவெளியில் இரு தடவை ஏற்றும் முறை தொடங்கியது.

ஊசி பெறாத தலைமுறைக்குப் பரிசோதனையே காவல். 1996 முதல் நம் நாட்டில் நடைபெறும் மகளிர் நலச் சிகிச்சை நிலையங்களில், முப்பத்தைந்து வயதுப் பெண்களைச் சிறப்பாக அழைத்துக் கருப்பைக் கழுத்திலிருந்து சிறிது உயிரணுக்களை எடுத்துப் பார்க்கிறார்கள். இருபது வயதில் ஏன் அழைப்பதில்லை என்றால், அவ்வயதில் தென்படும் மாறுதல்களிற் பெரும்பாலானவை தாமே மறைந்துபோவன. வீண் கலக்கமே மிஞ்சும்.

அந்தத் தாய் கடிதத்தில் ஒப்பமிட்டார். "உங்களுக்கு எத்தனை வயது?" என்று கேட்டேன். முப்பத்தெட்டு என்றார். ஒருமுறையேனும் பரிசோதித்ததுண்டா என்றதற்கு, வெட்கத்துடன் தலையை அசைத்தார். குடும்பநல மாதுவிடம் அடுத்த சிகிச்சை நாளைக் கேட்டு, அதே கடித உறையின் பின்புறத்தில் எழுதிக் கொடுத்தேன்.