கடல் கடந்த மாப்பிள்ளையும் வீட்டுக் கேள்வியும்

(அரக்கோணத்தில் கூடிய நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



முகூர்த்த நாள்தோறும் திருத்தணிகை மலையில் நம் வீட்டுப் பெண்கள் மணமாலையுடன் படியிறங்குகின்றனர். இந்நாட்டிலேயே வாழ்க்கைப்பட்டவள் அரக்கோணம் சந்திப்பில் ரயிலேறிப் புக்ககம் சேர்ந்துவிடுகிறாள். சீமை மாப்பிள்ளைக்கு வாழ்க்கைப்பட்டவளோ, அவரை விமானம் ஏற்றிவிட்டுப் பிறந்தகத்துக்கே திரும்புகிறாள். "விசா வரட்டும்" என்று மாதங்கள் கழிகின்றன. பின்னர் ஒருநாள் சம்பந்தி வீட்டாரிடமிருந்து சொல் வருகிறது: "அங்கே சொந்த வீடு இல்லாவிட்டால் மனைவியை அழைக்கச் சர்க்கார் இடங்கொடாது, நீங்களும் ஒரு கை கொடுங்கள்." பெண்ணைப் பெற்றவர் இருக்கிற சிறு நிலத்தையும் விற்கப் புறப்படுகிறார். இச்சொல் மெய்தானா என்று ஆராய்வதே இன்று நமது நோக்கம்.

மெய்யன்று. பிரிட்டனில் குடியுரிமையோ நிரந்தர வாச உரிமையோ பெற்றவர் மனைவியை அழைக்கும்போது, குடும்பம் தங்கப் போதிய இடம் உண்டா என்று அச்சர்க்கார் கேட்பது உண்மையே. ஆனால் வீடு சொந்தமாயிருக்க வேண்டும் என்று கேட்பதில்லை. வாடகை வீடு போதும். பெற்றோர் அல்லது உடன்பிறந்தார் வீடும் போதும். தம்பதிகளுக்கென்றே ஒரு படுக்கையறையேனும் தனித்திருக்க வேண்டும்; சர்க்கார் உதவிப் பணத்தை நாடலாகாது; வீடு ஜனநெருக்கம் உடையதாகக் கூடாது. இவையே நிபந்தனைகள். வேலை அனுமதி பெற்றுச் சென்றவர் தம் மனைவியை அழைப்பதற்கோ வேறு விதி. அங்கே இவ்வீட்டுச் சோதனையே இல்லை.

ஜனநெருக்கம் யாதென்பதை இங்கிலாந்தில் 1985 ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டம் கணக்கிட்டுச் சொல்கிறது. ஓர் அறைக்கு 2 பேர், இரண்டுக்கு 3, மூன்றுக்கு 5, நான்குக்கு ஏழரை, ஐந்துக்கு 10. படுக்கையறையோடு கூடமும் அறையாகக் கொள்ளப்படும். சமையலறையும் குளியலறையும் சேரா. ஒரு வயது நிரம்பாத சிசு கணக்கில் இல்லை; பத்து வயதுக்குட்பட்ட குழந்தை அரை ஆள். 50 சதுர அடிக்குக் குறைந்த அறை அறையாகாது. பத்து வயது கடந்த ஆணும் பெண்ணும், தம்பதிகளல்லாதவர், ஒரே அறையில் உறங்க நேரும் நிலையும் ஆகாது.

ஓர் உதாரணம் கூறுவோம். தமையன், அவர் மனைவி, நான்கும் ஆறும் வயதான இரு குழந்தைகள் வாழும் வீட்டில் இரண்டு படுக்கையறைகளும் ஒரு கூடமும் உள்ளன. கணக்கு மூன்று பேர். அங்கே தம்பியும் அவன் மனைவியும் சேர்ந்தால் ஐந்து. அறைகள் போதிய விசாலமுடையனவாயின் சட்டம் தடுக்காது. இன்னொரு சிநேகிதரையும் உடன் வைத்துக்கொண்டாலோ கணக்கு மிஞ்சிவிடும். நம் பிள்ளைகள் பலர் வாடகையைச் சுருக்க நண்பரோடு கூடி வாழ்கின்றனரே, உண்மைத் தடை அங்கேதான் இருக்கிறது. அதற்குப் பரிகாரம் பெண் வீட்டார் பணமன்று. மாப்பிள்ளை வேறு ஜாகை பார்ப்பதே.

காட்ட வேண்டிய ஆவணங்களும் அரியவையல்ல. வாடகை ஒப்பந்தம், மனைவியும் தங்கலாம் என்னும் வீட்டுக்காரர் கடிதம், உறவினர் வீடாயின் அவர் சம்மதமும் வீடு அவருடையது என்பதற்கான சான்றும் வேண்டும். உடன் வசிப்போரை மறைத்து எழுதுவது பெருந்தவறு. பொய் வெளிப்பட்டால் விண்ணப்பம் மறுக்கப்படுவதோடு, பின்னர்ச் சொல்லும் மெய்யும் சந்தேகத்துக்குள்ளாகும்.

அரபு எமிரேட்டுகளிலும் இதே நிலைமைதான். மாதம் 4,000 திர்ஹாம் சம்பளம், அல்லது 3,000 திர்ஹாமும் தங்குமிடமும் உடையவர் குடும்பத்தை அழைக்கலாம். பதிவான வாடகை ஒப்பந்தம் வேண்டும். சொந்த வீடு அங்கும் கேட்கப்படுவதில்லை.

ஆதலின் விசாவின் பேரால் வீட்டுப் பணம் கேட்பது, வேறு உடை தரித்த வரதட்சிணையே. 1961 ஆம் ஆண்டு வரதட்சிணைத் தடைச் சட்டம் கொடுப்பதையும் வாங்குவதையும் குற்றமாக்கியுள்ளது. கேட்பதே தனிக் குற்றமாகும்.

தாய்மார்களே! மாப்பிள்ளையின் சம்பளத்தை விசாரிக்கிறோம், ஜாதகம் பார்க்கிறோம். லக்ன பத்திரிகை எழுதுமுன் இன்னும் மூன்று கேள்விகள் கேட்போம்: வீடு யார் பெயரில்? அறைகள் எத்தனை? வசிப்போர் எத்தனை பேர்? இவற்றைக் கேட்பதில் நாணம் வேண்டா. கேட்காமல் விட்ட குறைக்கு நம் பெண் பிறந்தகத்துத் திண்ணையில் வருஷக்கணக்காய்க் காத்திருப்பதே நாணத்தக்கது. பிள்ளையைப் பெற்றோரும் மணநாள் குறிக்குமுன் மகனுக்கு ஒரு சொல் எழுதட்டும்: "முதலில் அறையை ஒழித்து வை, பிறகு மருமகளை அழைப்போம்."