பொலிசார் பேசவும் கற்கவேண்டும்!
(அட்டனில் தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



பொலிசாருக்குத் துப்பாக்கி பிடிக்கக் கற்பிக்கிறார்கள்; அணிவகுத்து நடக்கக் கற்பிக்கிறார்கள். பத்திரிகை நிருபர் வந்து கேட்டால் எதைச் சொல்வது, எதைச் சொல்லாதிருப்பது என்பதையும் அதே கண்டிப்போடு கற்பிக்க வேண்டும் என்பதே நமது கோரிக்கை. கொழுந்து பறிப்பவளுக்கு இதனால் என்ன பயன் என்று சிலர் கேட்கக்கூடும். அவர்களுக்கு முல்லோயாவை நினைவூட்டுகிறோம்.

1940 ஜனவரி 10ஆம் நாள் ஹேவாஹெட்டைப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்தில், வேலைநிறுத்த வேளையில், பொலிசார் சுட்டுக் கோவிந்தன் என்ற தொழிலாளி மாண்டார். கேள்வி கேட்போர் இருந்தமையால் விசாரணைக் குழு அமைந்தது; அதையொட்டி எழுந்த தகராறில் மந்திரிமாரே பதவி விலகும் நிலை வந்தது. 1977 மே மாதம் டெவன் தோட்டத்திலே, காணி பறிபோவதை எதிர்த்த போராட்டத்தில், சிவனு லெட்சுமணன் பொலிஸ் குண்டுக்கு இரையானார். மாண்டவர் எழுந்து வந்து சாட்சி சொல்வதில்லை. முதல் நாள் பொலிசார் கூறும் வார்த்தையே ஊருக்கு உண்மையாகிவிடுகிறது. ஆகவே அந்த வார்த்தைக்குப் பொறுப்பு வேண்டும்.

நாம் வாதாடிய வழக்கொன்றைக் கூறுகிறோம். திருட்டுச் சந்தேகத்தில் பிடிபட்ட இளைஞன் நீதவான் முன் நிற்குமுன்பே, "குற்றத்தை ஒப்புக்கொண்டான்" என்று செய்தி வெளிவந்தது. பின்னர் அவன் விடுதலையானான். அச்செய்தியை எவரும் அச்சிடவில்லை. அவன் தங்கைக்குப் பேசியிருந்த சம்பந்தமோ முறிந்தது முறிந்ததுதான்!

சட்டம் என்ன சொல்கிறது? குற்றவாளியெனத் தீர்க்கப்படும்வரை ஒருவன் நிரபராதியே என்கிறது அரசியலமைப்பின் 13(5)ஆம் உறுப்புரை. சாதாரணக் குற்ற வழக்கில் பொலிஸ் உத்தியோகத்தரிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றஞ்சாட்டப்பட்டவனுக்கு எதிராக நிரூபிக்கலாகாது என்கிறது சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு. நீதிமன்றம் காதில் வாங்க மறுக்கும் வார்த்தையை ஊர்க் காதில் ஓதுவது எந்த நியாயம்?

அதற்காக வாய்மூடி இருப்பதும் தீர்வாகாது. அதிகாரி மௌனமானால் வதந்தி பேசத் தொடங்கும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் தகவலறியும் உரிமையைக் குடிமக்களுக்கு வழங்கியிருக்கிறது. 1987இல் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. லயத்திலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட மகனைப் பற்றிய அறிக்கை, பெற்ற தாய்க்கு விளங்காத மொழியில் மட்டும் வருமானால் அந்த உரிமை ஏட்டுச் சுரைக்காய்தான்.

ஆதலின் களுத்துறைப் பொலிஸ் கல்லூரியிலும் மலையகப் பொலிஸ் நிலையங்களிலும் நான்கு பாடங்கள் தேவை. கைதானவனைக் குற்றவாளி என்று சொல்லாதிருத்தல். சிறுவர், பாதிக்கப்பட்ட பெண்கள் ஆகியோரின் அடையாளத்தைக் காத்தல். தமிழிலும் சிங்களத்திலும் ஒரே நேரத்தில் அறிக்கை தருதல். தவறாகச் சொன்னதை மறுநாளே வெளிப்படையாகத் திருத்துதல்.

நமக்கும் கடமை உண்டு. நிருபர்கள் பொலிஸ் நிலைய வாசலோடு திரும்பாமல் லயத்து வாசலுக்கும் வரவேண்டும். சம்பவம் நடந்த நாளையும் நேரத்தையும் கண்டவர் பெயரையும் தோட்டக் கமிட்டிகள் அன்றே எழுதிவைக்க வேண்டும். எழுதிவைக்காத உண்மை விசாரணையில் தோற்றுப்போவதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம்.

இக்கோரிக்கைகளைத் தீர்மானமாக நிறைவேற்றி, பொலிஸ் மாஅதிபருக்கும் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கும் அனுப்புமாறு கேட்டு அமைகிறோம்.