பலகையில் எழுதும் விலைக்குப் பின்னால் ஒரு பேராசிரியர்



நாணய மாற்று வணிகம் நம்மவர்களில் பல குடும்பங்களை வாழவைத்த தொழில். தினமும் காலையில் கடைப் பலகையில் விலை எழுதுகிறோம். ஆனால், அந்த விலையை ஓர் அரசாங்கம் கட்டி நிறுத்த முடியுமா, நிறுத்தினால் அதற்கு என்ன ஈடு கொடுக்க வேண்டும் என்பதை நாம் அதிகம் சிந்திப்பதில்லை. இதையே தம் வாழ்நாள் ஆராய்ச்சியாகக் கொண்டவர் பேராசிரியர் ராபர்ட் மண்டெல்.

1932-இல் கனடாவின் கிங்ஸ்டன் நகரில் பிறந்தவர் அவர். பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, லண்டனிலும் பயின்று, 1956-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் முனைவரானார். 1961 முதல் 1963 வரை அனைத்துலகப் பண நிதியத்தில் பணியாற்றினார். பின்னர் சிக்காகோவில் கற்பித்தார். 1974 முதல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார்.

அவர் ஆராயத் தொடங்கிய காலத்தில் பெரும்பாலான நாடுகள் தங்கள் நாணயத்துக்கு நிலையான விலை வைத்திருந்தன. கனடாவோ 1950 முதல் 1962 வரை தன் டாலரைச் சந்தையின் போக்கில் விட்டிருந்தது. சொந்த நாட்டின் இந்த அனுபவம் அவருக்குப் பாடமாயிற்று.

1960-களின் தொடக்கத்தில் அவர் எழுதிய கட்டுரைகளிலிருந்து வளர்ந்த கருத்து இது: நாணயத்துக்கு நிலையான விலை, எல்லை தாண்டித் தடையின்றி ஓடும் மூலதனம், வட்டி விகிதத்தைத் தானே முடிவுசெய்யும் உரிமை ஆகிய மூன்றும் ஒரு நாட்டுக்குச் சேர்ந்து கிடைக்கா. இரண்டை வைத்துக்கொண்டால் மூன்றாவதை விட வேண்டும்.

ஹாங்காங் 1983 முதல் அமெரிக்க டாலரோடு தன் நாணயத்தை இணைத்துள்ளது. பணமும் தடையின்றி வந்து போகிறது. ஆகவே அதன் வட்டி அமெரிக்க வட்டியைப் பின்தொடர்கிறது. 1998 செப்டம்பரில் மலேசியா ஒரு டாலருக்கு 3.80 ரிங்கிட் என்று நிர்ணயித்தது. வட்டியையும் குறைக்க விரும்பியது. அதனால் மூலதன ஓட்டத்துக்குக் கட்டுப்பாடு வந்தது. பயணிகள் கையில் கொண்டு செல்லும் ரிங்கிட்டுக்கும் 1,000 என்று வரம்பு வந்தது. கடையில் நின்றவர்களுக்கு அது திடீரென்று வந்த உத்தரவு. மண்டெலைப் படித்தவர்களுக்கோ கணக்கின் மூன்றாவது வரி. அந்த நிலையான விலை 2005 ஜூலையில் கைவிடப்பட்டது.

எந்தெந்தப் பகுதிகள் ஒரே நாணயத்தைப் பகிர்ந்துகொள்ளலாம் என்ற கேள்வியை 1961-லேயே எழுப்பியவரும் அவரே. தொழிலாளர்கள் வேலை தேடி எளிதாக இடம் மாற முடிகிறதா என்று பாருங்கள் என்றார். 1999-இல் யூரோ நாணயம் பிறந்தது. அதே ஆண்டில் பொருளியலுக்கான நோபெல் பரிசு அவருக்குக் கிடைத்தது. இளமையில் எழுதியதற்கு உரிய மதிப்பு வர ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் ஆயின. 2021-இல் காலமானார்.

இளைஞர்களே, நம் முன்னோர் அனுபவத்தால் சந்தையை அறிந்தார்கள். அந்த அனுபவம் நமக்குப் பெரிய சொத்து. ஆனால், சந்தையை மாற்றும் முடிவுகள் மத்திய வங்கிகளில் எடுக்கப்படுகின்றன. அங்கே பேசப்படும் மொழி பொருளியல். மருத்துவமும் சட்டமும் படிக்கும் நம் பிள்ளைகளில் சிலராவது இதையும் படிக்கட்டும். அடுத்த உத்தரவு வரும்போது, அது ஏன் வந்தது என்று நமக்கு விளக்கிச் சொல்ல நம் வீட்டிலேயே ஒருவர் இருக்க வேண்டும்.