கழுவும் தண்ணீர் எங்கே போகிறது?

(மட்டக்களப்பு வாவிக்கரைப் பக்கம் குடியேறியிருக்கும் மலையகக் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை. தோட்டங்களில் உள்ளவர்களுக்கும் உதவும் என்பதால் இங்கே தருகிறோம்.)



1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலையை விட்டு இறங்கி வந்த குடும்பங்களும், பின்னாலே கல்யாணம், வேலை என்று வந்தவர்களும் இங்கே இருக்கிறீர்கள். லயத்துப் பழக்கமும் கூடவே வந்திருக்கிறது. தீபாவளி, பொங்கல் வந்தால் வாசலைக் கழுவி, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, கானைச் சுத்தம் பண்ணாமல் நம்மவர்கள் இருப்பதில்லை. நல்ல பழக்கம்தான். ஆனால் அந்தச் சுத்தத்தாலே வாசலோரத்துக் கத்தரியும், கறிவேப்பிலையும், புல்லும் கருகிப் போகிறதே, அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்தோம்.

மலையிலே நாம் ஊற்றுகிற தண்ணீர் கான் வழியே கீழே ஓடிவிடும். நம் கண்ணுக்கு மறைந்ததும் கணக்கு முடிந்தது என்று நினைப்போம். முடிவதில்லை. கீழே யாருடைய போஞ்சிப் பாத்தியோ இருக்கிறது, அதற்கும் கீழே பீலித் தண்ணீர் பிடிக்கிற இடம் இருக்கிறது. இந்தக் கரையோர வளவுகளிலோ தண்ணீர் எங்கும் ஓடுவதில்லை. மணல் நின்ற இடத்திலேயே குடித்துவிடுகிறது. கொஞ்ச ஆழத்திலேயே நல்ல தண்ணீர். பக்கத்திலே கிணறு. ஆக வாசலில் ஊற்றியது நாளைக்கு வாளியிலே வரலாம்.

இதை இந்த ஊர் பட்டுத் தெரிந்துகொண்டது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்து போன பிறகு கரையோரக் கிணறுகள் எல்லாம் உப்பாகின. பாவம், சனங்கள் என்ன செய்வார்கள்? மோட்டர் வைத்துத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள், குளோரின் போட்டார்கள். மணல் திட்டிலே நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய படையாகத்தான் கிடக்கும். அளவுக்கு மீறி இறைத்தால் அடியில் உள்ள உப்பு மேலே ஏறிவரும். மட்டக்களப்புக் கிணறுகளைப் பார்த்த சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்து ஆய்வாளர்களும் அதைத்தான் எச்சரித்தார்கள். உப்பைக் கழுவி எடுத்தது பெரும்பாலும் மழைதான்.

உப்பு ஏறிய மண்ணிலே செடி படும் பாட்டை உங்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. சங்கதி என்னவென்றால், குளோரின் தண்ணீரும் தன் வேலை முடிந்ததும் உப்பைத்தான் மண்ணில் விட்டுப்போகிறது. முதலில் இலையிலே பட்டால் ஓரம் வெளுத்துக் காயும், வேரிலே பட்டால் இளம் வேர் வெந்துபோகும். அதற்குப் பிறகு மிஞ்சுவது உப்பு. ஒருதரம் என்றால் மழை கழுவிவிடும். கிழமைக்கு ஒருதரம் அதே மூலையில் ஊற்றினால் அங்கே புல்லுகூட முளைக்காது.

டி.சி.எல். தூளிலே இன்னொன்றும் உண்டு. அது சுண்ணாம்பில் செய்த சரக்கு. தேயிலை புளிப்பு மண்ணிலே வளர்கிற செடி. சுண்ணாம்பு அதற்கு ஆகாது. சுண்ணாம்பு வாளியையும் டி.சி.எல். வாளியையும் லயத்துக்குப் பின்னாலே ஒரே இடத்தில் கழுவி ஊற்றினால், பக்கத்துத் தேயிலைச் செடி மஞ்சளாவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. தோட்டத்தில் இருக்கும் உறவுக்காரர்களிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

அப்போ எப்படிக் கழுவுவது? பாதி வேலை தும்புத்தடிக்கும் தேய்க்கிற பிரஷுக்கும் உரியது. படியிலே பாசி என்றால் முதலில் சுரண்டுங்கள், மணல் போட்டுத் தேயுங்கள். பாசி வருவது ஈரத்தால்தான். கூரைத் தண்ணீர் படியில் விழாமல் திருப்பிவிட்டால், மருந்து ஊற்றுகிற வேலையே குறையும். இதைச் சொன்னால் சில பேர் சிரிக்கிறார்கள், மருந்து ஊற்றினால்தான் சுத்தம் என்று ஒரு நினைப்பு.

மருந்து தேவை என்றால் கொஞ்சமாகக் கரைத்து, தேவையான இடத்தில் மட்டும் துணியாலே பூசுங்கள். வாளியோடு வீசவேண்டாம். தொடங்குமுன் பக்கத்துச் செடிக்கும் புல்லுக்கும் நல்ல தண்ணீர் நிறைய விடுங்கள். நனைந்த இலையில் தெறித்தாலும் காரம் குறையும். தாகத்தோடு நிற்கிற மண்தான் மருந்துத் தண்ணீரை உறிஞ்சிக் குடிக்கும். சட்டியில் உள்ளதைத் தூக்கி வேறு இடத்தில் வையுங்கள். தூக்க முடியாத செடியைப் பொலிதீனாலே மூடலாம், வேலை முடிந்த கையோடு எடுத்துவிட வேண்டும். இந்த ஊர் வெயிலில் அரைமணி நேரம் மூடிவைத்தால் மருந்து செய்யாததை வெக்கை செய்துவிடும். முடிந்ததும் மறுபடி இலையைக் கழுவிவிடுங்கள். மிஞ்சிய குளோரின் தண்ணீரைக் கொட்டாமல், பிள்ளைகள் கை படாத இடத்தில் வாய் திறந்த வாளியிலே ஒன்றிரண்டு நாள் வெயிலில் வைத்தால் காரம் பெருமளவு போய்விடும். அதைக் கிணற்றுக்கும் பாத்திக்கும் தூரமாக ஊற்றலாம்.

களைநாசினி அடித்த டாங்கியில் குளோரினோ சவர்க்காரமோ ஊற்றிச் சுவருக்கு அடிப்பதை நாம் பார்த்திருக்கிறோம். டாங்கியைக் கழுவினாலும் குழாயிலே மருந்து தங்கியிருக்கும். அது பட்ட மரக்கறியைச் சாப்பிடவும் முடியாது. அதேபோல கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டையும் குளோரினையும் ஒரே வாளியில் சேர்க்கவே கூடாது. வருகிற புகை செடியை விடுங்கள், கழுவுகிறவரின் நெஞ்சையே அடைத்துவிடும்.

வாவி பெரியது, நம் ஒரு வாளி என்ன செய்யும் என்று ஒரு தம்பி கேட்டார். வாவி 50 கிலோமீற்றருக்கு மேல் நீளம், உண்மைதான். ஆனால் மழை குறைந்த மாதங்களில் முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொள்கிறது. போனது அப்போது உள்ளேயே கிடக்கும். கரைக் கண்டல் மரத்தடியிலேதான் இறால் குஞ்சும் மீன் குஞ்சும் வளர்கின்றன. அவற்றைப் பிடித்துத்தான் உங்கள் அயலவர் உலை வைக்கிறார்கள்.

கிணற்றுக்குக் குளோரின் போடுவது வேறு விஷயம். எத்தனை தூள், எத்தனை மணி நேரம் விடவேண்டும் என்பதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கிணற்றைப் பார்த்துத்தான் சொல்லுவார். நீங்களாகக் கைக்கணக்கிலே போடவேண்டாம். போட்ட அன்று அந்தத் தண்ணீரை நாற்றுக்கு விடாதீர்கள், வாடை போகும்வரை பொறுங்கள். இந்தப் பகுதிப் பரிசோதகர் கூட்டத்துக்கு வந்திருக்கிறார், கிணறு பற்றிக் கேட்க வேண்டியதை அவரிடமே கேளுங்கள்.