சிற்றுந்து மீட்பும் சுவடிப் பதிப்பும்



இலக்கிய மேடையில் பழைய காரைப் பற்றிய பேச்சா எனச் சிலர் வியக்கக்கூடும். அவ்வியப்பு நியாயமானதே. ஆயினும், பழையதொன்றைச் சிதைவிலிருந்து மீட்க முனைவோர், அவர்தம் கையிலிருப்பது பனையோலை ஆயினும் இரும்புத் தகடாயினும், ஒரே வினாவையே எதிர்கொள்கின்றனர். எதை மாற்றலாம், எதைத் தொடலாகாது என்பதே அவ்வினா. சுவடிப் பதிப்பாசிரியர் நூற்றாண்டுக்கு முன் விடை கண்ட அவ்வினாவுக்கு, விடுமுறை நாள்களில் கைநிறைய எண்ணெய்க் கறையோடு ஒரு சிறிய காரின் அடியில் கிடக்கும் பொழுதுபோக்காளர் எவ்வாறு விடை காண்கிறார் என்பதை எண்ணிப் பார்ப்பது பயனுடையது.

ஒரு காரின் வரலாறு

1983ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் நாள், முதல் மாருதி 800 காரின் சாவியை அன்றைய பிரதமர் இந்திரா காந்தி ஓர் இந்தியன் ஏர்லைன்ஸ் ஊழியரிடம் வழங்கினார். ஜப்பானின் சுசுகி நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து குர்காவ்ன் ஆலையில் உருவான கார் அது. மூன்று சிலிண்டர், 796 கன செ.மீ. எஞ்சின், நான்கு கியர், முன்சக்கர இயக்கம் ஆகியவை அதன் உறுப்பிலக்கணம். பின்புறம் பெட்டிபோல் நீளாமல் முடிவதால் ஹாட்ச்பேக் என்னும் வகையில் அது அடங்கும். அம்பாசடரும் பத்மினியும் ஆண்ட சாலைகளில், ஸ்கூட்டரில் நால்வராய் நெருங்கி அமர்ந்து சென்ற குடும்பங்களுக்கு அது ஒரு கனவாக வந்து சேர்ந்தது. 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றபோது 25 லட்சத்திற்கும் மேற்பட்ட கார்கள் வெளிவந்திருந்தன.

அம்முதல் காரை அதன் உரிமையாளர் 2010இல் மறையும்வரை கைவிடவில்லை. அதன்பின் அது தில்லியில் அவர் வீட்டு வாயிலில் வெயிலிலும் மழையிலும் நின்று துருவேறியது. பின்னாளில் நிறுவனமே அதனைப் புதுப்பித்து, 2022இல் தன் தலைமையகத்தில் காட்சிக்கு வைத்தது. முதலாவது என்ற பெருமை அதனைக் காத்தது. அப்பெருமை வாய்க்காத ஏனைய கார்களைக் காப்பவர் யார்? எடைக்குப் போடவேண்டியதை ஏன் வைத்திருக்கிறாய் என்று வீட்டார் கேட்டும் விடாத தனிமனிதரே காக்கின்றனர்.

பிரித்தலும் கோத்தலும்

மீட்புப் பணியின் முதற்படி பூச்சன்று, பிரித்தல். இருக்கை, தரைவிரிப்பு, கதவின் உட்பலகை, விளக்கு என ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொரு திருகாணியையும் தனித்தனிப் பையிலிட்டுப் பெயரெழுதி வைத்தல் வேண்டும். பல ஆண்டு கிடந்த ஏட்டுக்கட்டைப் பிரிப்பவர் ஏட்டெண் தவறாமல் அடுக்குவதை இது ஒக்கும். அடுக்கு மாறினால் ஏடும் பொருள் தராது, வண்டியும் ஓடாது.

பிரித்தபின் தெரிவது துரு. கதவின் அடிவிளிம்பிலுள்ள வடிதுளைகள் மண்ணால் அடைபட்டால் மழைநீர் உள்ளே தேங்கி, தகட்டை உட்புறமிருந்தே தின்னும். பேட்டரி அமரும் தட்டு, சக்கர வளைவு, கால்வைக்கும் தரை ஆகியவையும் அவ்வாறே இற்றுப்போகும். இங்கேதான் மீட்பாளரின் நேர்மைக்கு முதற்சோதனை. துருவின்மேல் பட்டி பூசித் தேய்த்து வண்ணமடித்தால் சில நாள்களில் வண்டி பளபளக்கும். இரண்டு மழைக்காலம் கழிந்தால் பூச்சு கொப்புளித்து உண்மை வெளிப்படும். நேர்மையான வழி கடினமானது: நல்ல இரும்பு தென்படும்வரை வெட்டியெடுத்து, அதே அளவில் புதுத் தகடு பற்றவைத்தல். சிதைந்த பாடத்தைத் தம் புலமையால் இழைத்து, சிதைவே இல்லாததுபோல் காட்டும் பதிப்பாசிரியர் பட்டி பூசுபவரே ஆவார்.

எஞ்சினின் நிலை வேறு. 1986இல் காரின் உடல்வடிவம் மாறியபோதும் எஞ்சின் வழி தொடர்ந்தது. அதே எஞ்சின் ஆம்னி வேனிலும் பொருத்தப்பட்டது. ஆதலின் பிஸ்டன் வளையமோ கார்புரேட்டர் உறுப்போ இன்றும் தேடினால் கிடைக்கும். சென்னைப் புதுப்பேட்டைக் கடைகள் இத்தகைய தேடலுக்குப் பெயர்பெற்றவை. ஆனால் 1983 முதல் 1986 வரையிலான முதல் வடிவத்தின் முகப்பு விளக்கும் முன்கம்பித்தட்டியும் எளிதில் கிட்டா. உயிர் கிடைக்கும், முகம் கிடைக்காது என்பதே இக்காரை மீட்போரின் துயரம்.

கோடிட்ட இடம்

முகம் கிடைக்காதபோது என்ன செய்வது? பிந்தைய வடிவத்தின் விளக்கை வெட்டியொட்டிப் பொருத்துவோர் உண்டு. பளபளக்கும் அலாய் சக்கரமும் புதுநிறமும் சேர்த்து, அதனையே மீட்பு என்பாரும் உண்டு. அது அவர்தம் உரிமை. ஆயின் அதற்குப் பெயர் புத்தாக்கம், மீட்பன்று.

இவ்விடத்தில் டாக்டர் உ.வே.சாமிநாதையரை நினைத்தல் தகும். சீவக சிந்தாமணியை 1887லும் புறநானூற்றை 1894லும் அச்சேற்றிய அப்பெருமகனார், சுவடியில் சிதைந்த இடங்களைப் புள்ளியிட்டு விட்டார். இட்டு நிரப்பும் ஆற்றல் அவருக்கு இல்லாமலில்லை. நிரப்பலாகாது என்னும் அறம் இருந்தது. புறநானூற்றில் 267, 268 என்னும் எண்ணுடைய பாடல்கள் இன்றளவும் கிட்டவில்லை. அவ்விரண்டு எண்களும் வெற்றிடமாகவே நின்று, இங்கே ஒன்று இருந்தது என்று சொல்லிக்கொண்டிருக்கின்றன. இழந்ததை இழந்ததென்று ஒப்புக்கொள்ளும் வெற்றிடமும் ஒரு சான்றேயாகும். உரிய விளக்கு கிடைக்கும்வரை, வண்டியைச் சாலைக்கு எடுக்காமல் விளக்குக் குழியை வெறுமையாகவே விட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் மீட்பாளர் அப்பரம்பரையைச் சேர்ந்தவர்.

அதற்காக எதையுமே மாற்றக்கூடாது என்பதன்று. பழையன நீங்குவதும் புதியன சேர்வதும் காலத்தின் இயல்பேயன்றிக் குற்றமன்று என்பது நன்னூலார் கொள்கை. அக்கால ரப்பர்க் குழாய்கள் எத்தனால் மிகுதியாகக் கலந்த பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டவையல்ல. நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலந்த பெட்ரோல் 2025இல் நாடெங்கும் பரவியபின், பழைய குழாயையும் கார்புரேட்டரின் ரப்பர்ச் சவ்வையும் எத்தனாலைத் தாங்கும் வகைக்கு மாற்றாமல் ஓட்டினால் கசிவும் தீயும் நேரலாம். இத்தகைய மாற்றம் கட்டாயமானது. மீட்பாளர் செய்யவேண்டுவது ஒன்றே: மாற்றியதை ஏட்டில் குறித்து, பழைய உறுப்பைத் தூக்கியெறியாமல் பெயரெழுதி வைத்தல். இதுவே பாடபேதம் காட்டும் அடிக்குறிப்பு.

முதுமைக்கும் தொன்மைக்கும் இடையே

இனிச் சட்டம் சொல்வதைக் காண்போம். தனியார் காரின் பதிவு 15 ஆண்டுக்குரியது. பின்னர் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்தல் வேண்டும். புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. இக்கடுமைக்குக் காரணமும் உண்டு. அக்காலக் காரில் புகையைத் தூய்மையாக்கும் கருவியோ மோதலில் உயிர்காக்கும் காற்றுப்பையோ இல்லை. நாள்தோறும் அதனை ஓட்டவேண்டும் என்று யாரும் வாதிடார்.

மறுபுறம், 2021இல் வந்த விதி 50 ஆண்டு கடந்து, மூலவடிவம் மாறாத வண்டியைத் தொன்மை வண்டியென ஏற்றுத் தனிப் பதிவு வழங்குகிறது. அடிச்சட்டத்திலோ உடலிலோ எஞ்சினிலோ பெருமாற்றம் செய்யப்பட்டிருந்தால் அச்சிறப்பு கிட்டாது. முதல் மாருதி 800 கார்கள் அவ்வயதை எட்டுவது 2033இல்தான்.

அஃதாவது, 15இல் முதுமை, 50இல் தொன்மை. இடைப்பட்ட 35 ஆண்டுகளில் ஒரு பொருளுக்குப் பயனென்ற மதிப்பும் இல்லை, பழமையென்ற மதிப்பும் இல்லை. அழிவு நேர்வது அப்பொழுதுதான். அரசர் ஏறிய ஆடம்பரக் கார்களுக்கு அரண்மனைக் கொட்டகை இருந்தது. எளியோர் தவணை கட்டி வாங்கிய காருக்குத் தெருவோரமே கொட்டகை. அரியது காக்கப்படுகிறது, எங்கும் இருந்தது, எங்கும் இருந்த காரணத்தாலேயே எவராலும் காக்கப்படாமல் ஒருநாள் எங்கும் இல்லாது போகிறது.

சுவடிகளுக்கு நேர்ந்ததும் இதுவே. வீடுதோறும் பரணில் கிடந்த காலத்தில் அவற்றைச் செல்லுக்கும் ஆற்றுவெள்ளத்துக்கும் கொடுத்தோர் கொடியவர் அல்லர். பயனற்றதென்று எண்ணிய எளிய மனிதரே.

தமிழன்பர்களே! இவ்விலக்கிய வட்டத்திற்கு இன்று வயது பத்து. இதன் அழைப்பிதழ்களும், கவியரங்கக் கையெழுத்துப் படிகளும், கூட்டக் குறிப்பேடுகளும் இன்னும் சில ஆண்டுகளில் அவ்விடைக்காலத்தில் நுழையும். குப்பையென்று தோன்றும் அந்நாளில் ஒருவர் அவற்றைப் பிரித்து, பெயரெழுதி, ஈரம் படாத இடத்தில் எடுத்துவைத்தால் போதும். 50ஆம் ஆண்டு விழாவில் பேச வருபவருக்கு, புள்ளியிட்டு நிரப்பவேண்டிய இடங்கள் அத்தனைக்கத்தனை குறையும்.