தலைநகரில் ஒரு நூலின் திருநாள்

பத்தாம் ஆண்டு நிறைவு காணும் இலக்கிய வட்டத்தின் அவை இது. இவ்வுரையின் பொருள், தலைநகர் தில்லியில் கொண்டாடப்பெறும் குடியரசு நாள். படை அணிவகுப்புக்கும் கவிதைக்கும் என்ன உறவு என்ற ஐயம் அவையில் எழக்கூடும். அந்த ஐயத்திலிருந்தே உரை தொடங்குகிறது.

ஜனவரி 26 அன்று விடியுமுன்னரே தில்லி விழித்துக்கொள்கிறது. மூடுபனி விலகாத வேளையில், கம்பளிப் போர்வையும் குல்லாயுமாகக் குடும்பம் குடும்பமாக மக்கள் அணிவகுப்புச் சாலையை நோக்கி நடக்கின்றனர். ஆங்கிலேயர் காலத்தில் கிங்ஸ்வே என்றும், விடுதலைக்குப் பின் ராஜபாதை என்றும் வழங்கிய அச்சாலை, 2022 செப்டம்பர் முதல் கர்த்தவ்ய பாதை என்று அழைக்கப்படுகிறது. கடமைப் பாதை என்பது அதன் பொருள். குடியரசுத் தலைவர் கொடியை விரிக்கிறார். நாட்டுப்பண் ஒலிக்கும் 52 நொடிகளுக்குள் 21 பீரங்கி முழக்கங்கள் எழுந்து அடங்குகின்றன. பின்னர் முப்படையினரின் அணிகள், எல்லைக் காவற்படையின் ஒட்டகங்கள், மாநிலங்களின் அலங்கார ஊர்திகள், பள்ளிச் சிறார், தலைக்கு மேலே சீறிச் செல்லும் வானூர்திகள். 29-ஆம் நாள் மாலை விஜய் சௌக்கில் படைகள் பாசறை திரும்பும் இசை நிகழ்ச்சியோடு விழா நிறைவுறுகிறது. இவையனைத்தும் கண்ணுக்கு விருந்து என்பதில் ஐயமில்லை.

ஆயினும் முதற் குடியரசு நாள் அச்சாலையில் நடைபெறவில்லை. 1950 ஜனவரி 26 அன்று அரசு மாளிகையின் தர்பார் மண்டபத்தில் இராஜேந்திர பிரசாத் முதற் குடியரசுத் தலைவராக உறுதிமொழி ஏற்றார். அதன்பின் குதிரைகள் பூட்டிய வண்டியில் இர்வின் விளையாட்டரங்கை அடைந்து அணிவகுப்பைப் பார்வையிட்டார். இந்தோனேசியத் தலைவர் சுகர்ணோ அன்று சிறப்பு விருந்தினராக இருந்தார். அடுத்த சில ஆண்டுகள் இடம் மாறி மாறி நடந்த அணிவகுப்பு, 1955 முதலே ராஜபாதையில் நிலைகொண்டது. காலப்போக்கில் அணிவகுப்பே குடியரசு நாள் என்னும் எண்ணம் மக்கள் மனத்தில் வேரூன்றிவிட்டது. அந்நாள் எதனைப் போற்ற எழுந்ததோ, அது சற்றே பின்னுக்குப் போயிற்று.

எதனைப் போற்ற எழுந்தது? ஒரு நூலைப் போற்ற. ஆகஸ்ட் 15 அயலாட்சி அகன்ற நாள். ஜனவரி 26 ஒரு நூல் நடைமுறைக்கு வந்த நாள். அரசியலமைப்புச் சட்டம் 1949 நவம்பர் 26 அன்றே ஏற்கப்பெற்றது. எனினும், 1930 ஜனவரி 26 அன்று முழு விடுதலை உறுதிமொழி எடுத்ததை நினைவிற்கொண்டு, அதே நாளில் அது முழுமையாக நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டது. அதன் ஆங்கில மூலப் படியை அச்சுக் கோக்கவில்லை. பிரேம் பிஹாரி நாராயண் ராய்ஜாதா என்னும் எழுத்தணிக் கலைஞர் தம் கையாலேயே எழுதினார். நந்தலால் போஸும் சாந்திநிகேதனத்துக் கலைஞர்களும் அதன் பக்கங்களுக்கு ஓவிய அணி செய்தனர். 1950 ஜனவரி 24 அன்று அரசியல் நிர்ணய சபையின் உறுப்பினர்கள் அதில் கையொப்பமிட்டனர். அதே நாளில்தான் தாகூரின் பாடல் நாட்டுப்பண்ணாக அறிவிக்கப்பெற்றது. ஆக, ஒரு கவிஞனின் பாடலும், ஓர் எழுத்தணிக் கலைஞனின் கைவண்ணமும், ஓவியர்களின் தூரிகையும் கூடியே குடியரசைத் தொட்டிலிட்டன. எழுத்தை நம்பி வாழும் கூட்டத்திற்கு இந்நாளில் உரிமை உண்டு என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

அந்நூலின் எட்டாம் அட்டவணை மொழிகளின் பட்டியலாகும். 1950-இல் அதில் பதினான்கு மொழிகள் இருந்தன. தமிழ் அவற்றுள் ஒன்று. 1967-இல் சிந்தியும், 1992-இல் கொங்கணி, மணிப்புரி, நேபாளி ஆகியனவும், 2003-இல் போடோ, டோக்ரி, மைதிலி, சந்தாலி ஆகியனவும் சேர, எண்ணிக்கை 22 ஆயிற்று. சட்டநூலில் வெறும் பெயர்களாக நிற்கும் இம்மொழிகளுக்குக் குரல் கொடுக்கும் நிகழ்ச்சி ஒன்றும் குடியரசு நாளையொட்டி உருவாயிற்று. 1956-இல் அகில இந்திய வானொலி தொடங்கிய சர்வ பாஷா கவி சம்மேளனமே அது. ஒவ்வொரு மொழிக் கவிஞரும் தம் கவிதையைத் தம் மொழியிலேயே படிப்பார். இந்தி மொழிபெயர்ப்பு உடன் வரும். பின்னர் அக்கவிதைகள் அந்தந்த வட்டார மொழிகளில் பெயர்க்கப்பெற்று, குடியரசு நாளின் முன்னிரவில் வானொலி நிலையங்கள் வழியே வீடுகளை எட்டும். மறுநாட் காலை கண்ணுக்கு விருந்து என்றால், முன்னிரவு செவிக்கு விருந்து. காட்சியில் மொழிகளுக்கு வேலையில்லை. கேள்வியிலோ மொழிகளே எல்லாம்.

இந்த நாளைத் தமிழகம் என்றும் விழாவாகவே கண்டதா என்ற வினாவை ஒதுக்கிச் செல்வது நேர்மையாகாது. அதே அரசியலமைப்பின் 343-ஆம் பிரிவு, இந்தியை ஆட்சிமொழி என்று கூறி, ஆங்கிலம் பதினைந்தாண்டுகள் தொடரலாம் என்று வரையறுத்தது. அத்தவணை முடிந்த நாள் 1965 ஜனவரி 26. 1963-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் அதன் பின்னரும் ஆங்கிலம் தொடர இடம் தந்தது எனினும், அச்சொற்கள் தமிழகத்தின் அச்சத்தைத் தீர்க்கவில்லை. அந்நாளைத் துக்க நாளாகக் கடைப்பிடிக்கத் திராவிட முன்னேற்றக் கழகம் முடிவு செய்தது. முந்தைய நாளே மதுரையில் மாணவர் ஊர்வலம் கலவரமாயிற்று. தலைநகரில் வாத்தியங்கள் முழங்கிய அதே நாளில் தமிழகத்தில் கறுப்புக் கொடி. தொடர்ந்த வாரங்களில் துப்பாக்கிச் சூடும் உயிரிழப்பும். ஒரே தேதி, ஒரே நூல். ஓரிடத்தில் விழா, மற்றோரிடத்தில் இழவு.

அந்த நாட்களைக் குடியரசுக்கு எதிரான நாட்கள் என்று கூறுவோர் உண்டு. அக்கூற்று பொருந்தாது. ஒரு நூலை வழிபடுகிறவன் அதனைத் திறப்பதில்லை. படிக்கிறவனே வரிக்கு வரி வழக்காடுகிறான். 1965-இல் தமிழகம் செய்தது அத்தகைய வழக்காடலே. அதன் விளைவாக, 1967-இல் நாடாளுமன்றம் ஆட்சிமொழிச் சட்டத்தைத் திருத்தி, இந்தியை ஏற்காத மாநிலங்களின் இசைவின்றி ஆங்கிலம் அகற்றப்படாது என்னும் காப்பினை வழங்கிற்று. தன்னைத் திருத்திக்கொள்ள இடம் தருவதே அந்நூலின் பெருமை. திருத்தக் கோருவதும் அதனைக் கொண்டாடும் முறைகளுள் ஒன்று.

அண்மைக் காலத்தும் இவ்வழக்கு முற்றாக ஓய்ந்துவிடவில்லை. வேலு நாச்சியார், வ. உ. சிதம்பரனார், பாரதியார் ஆகியோரைச் சித்திரித்த தமிழக ஊர்திக்கு 2022-ஆம் ஆண்டுத் தலைநகர் அணிவகுப்பில் இடம் கிட்டவில்லை; அது சென்னைக் கடற்கரைச் சாலையில் ஊர்ந்தது. 2024-இல் உத்திரமேரூர்க் கல்வெட்டு கூறும் குடவோலை முறையைக் காட்டும் தமிழக ஊர்தி தில்லியில் சென்றது. ஊர்தி செல்வதும் செல்லாததும் ஓராண்டுச் செய்தி. எனினும் ஒரு கவிஞனின் உருவம் தலைநகர்ச் சாலையில் செல்லவில்லை என்பதற்காகத் தமிழர் வருந்தினர் என்பது எண்ணத்தக்கது. அந்நாளைத் தமக்குரியது என்று கருதுவோர்க்கே அவ்வருத்தம் வரும்.

இங்கே கவிஞர்கள் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்று உண்டு. தலைநகர் தமிழைக் கேட்கவில்லை என்று குறைப்படுவது எளிது. பல வேளைகளில் அக்குறையில் நியாயமும் இருந்தது. ஆனால் தமிழ் யாரைக் கேட்கிறது? சந்தாலியில் எழுதும் கவிஞர் ஒருவரின் பெயர் தமிழகத்து இலக்கிய மேடைகளில் எத்தனை முறை ஒலித்திருக்கும்? மணிப்புரிக் கவிதையொன்று இங்கு எத்தனை நெஞ்சங்களில் தங்கியிருக்கும்? காசுமீரி, டோக்ரி, போடோ என்று வரிசை நீளுகிறது. உரிமையாகக் கேட்டுப் பெற்றதைப் பிறர்க்கும் தருவதே சான்றாண்மை. தன் மொழிக்குச் செவி வேண்டுகிறவன் பிறன் மொழிக்குச் செவி தர மறுத்தால், அவன் வேண்டுகோளின் வலிமை குன்றிவிடும்.

இதற்குத் தில்லி செல்ல வேண்டுவதில்லை; பெரும்பொருளும் வேண்டுவதில்லை. இனிவரும் ஆண்டுகளில் ஜனவரி 25 மாலையன்று இவ்வட்டம் கூடட்டும். எட்டாம் அட்டவணையிலிருந்து ஆண்டுக்கு இரண்டு மொழிகளை எடுத்துக்கொண்டு, அவற்றின் கவிதைகளைத் தமிழில் படிக்கட்டும். இயன்றால் மூல மொழியின் ஓசையையும், அம்மொழி அறிந்தார் ஒருவர் வாயிலாகக் கேட்கட்டும். தமிழ் நீங்கலாக இருபத்தொரு மொழிகள். பதினோராண்டுகளில் ஒரு சுற்று நிறைவுறும். பத்தாண்டு கடந்த வட்டத்திற்குப் பதினோராண்டுப் பணி பெரிதன்று.

மறுநாட் காலை தலைநகரில் பீரங்கிகள் முழங்கும். 52 நொடிகளில் அம்முழக்கம் அடங்கிவிடும். முன்னிரவில் செவியிற் புகுந்த ஒரு பிறமொழிக் கவிதை அவ்வளவு விரைவில் அடங்குவதில்லை. அந்த ஓசை இவ்வட்டத்தில் எழுவதாக. வட்டம் வாழ்க, வளர்க.